மூன்று தெவியும் ஒரு துவைகல்லும்

கரும்பு விளையும் அந்தத் தீவில், பீனிக்ஸ் ஊரில் பெரிய சாலையை விட்டுப் பிரிந்து ஆற்றுப் பக்கம் இறங்கும் சந்தில் கடைசி வீடு பூங்காவனத்துடையது. ஊரார் துணியை வெளுத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி தேய்த்துக் கொடுப்பது அவள் தொழில். மோகாவில் ஆபீஸ் உத்தியோகம் பார்க்கிறவர்களின் சட்டைக் காலர் அவள் கைபட்டால் அட்டை மாதிரி நிற்கும் என்று பேர் வாங்கியிருந்தாள். புருஷன் வீரசாமி கரும்பு லாரி ஓட்டினான். கரோல் புயல் அவர்களுடைய தகர வீட்டைப் பிடுங்கி எறிந்த பிறகு, இருவருமாகச் சேர்ந்து சிமெண்டில் இரண்டு அறை கட்டிக்கொண்டார்கள். பின்கட்டில் ஒரு துவைகல்லும் பதித்தார்கள். தண்ணீர் மட்டும் வீட்டுக்குள் வரவில்லை. சந்து முனைக் குழாயில் வரிசை நின்று வாளி வாளியாகச் சுமந்தாள். மூட்டை பெரிதானால் ஆற்றுக்கு இறங்கினாள்.

அறுபத்து மூன்றாம் வருஷம் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தபோது சந்து நெடுகப் பெரிய குழாய் புதைத்தார்கள். வேண்டியவர்கள் வீட்டுக்கு இணைப்பு வாங்கிக்கொள்ளலாம் என்று தண்ணீர் ஆபீசிலிருந்து வந்தவர் சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்குள் குழாய் போடுவது மட்டும் அவரவர் பொறுப்பு.

"முதல்ல குழாய் போடுற ப்ளோம்பியேகிட்ட ஒரு தெவி வாங்கு" என்றாள் பக்கத்து வீட்டு ஜினெட். பேச்செல்லாம் தீவின் பொதுமொழியான கிரியோலில்தான். தபால் ஆபீசைக் கூட்டித் துடைக்கிற வேலை அவளுக்கு. பிரெஞ்சும் கொஞ்சம் வாசிப்பாள்.

"தேவியா? அம்மனுக்கு வேண்டிக்கணுமா?"

ஜினெட் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "வேலைக்கு என்ன ஆகும்னு முன்னாடியே எழுதித் தர்ற காகிதம். ஒருத்தன்கிட்ட வாங்கினா ஏமாந்துடுவே. மூணு பேர்கிட்ட வாங்கு. எது குறைச்சலோ அதை எடு."

கேட்கும்போது சுலபமாகத்தான் இருந்தது.

முதலில் வந்தவர் ஆந்த்ரே. க்யூர்பீப்பில் ஒரு கடைக்காரர் அனுப்பிய ஆள். தொப்பியைக் கழற்றாமலே அளவெடுத்தார். நாலு நாள் கழித்துத் தபாலில் தட்டச்சு அடித்த இரண்டு பக்கம் வந்தது. அடியில் முந்நூற்று எண்பத்தைந்து ரூபாய்.

இரண்டாவது ஆள் சின்னன், வீரசாமியின் சித்தப்பா மகன். ஆலையில் நீராவிக் குழாய் வேலை பார்க்கிறவன். "என்னண்ணி, நமக்குள்ள காகிதம் எதுக்கு? இருநூத்து இருபது!" என்றான். எழுதித்தான் ஆகவேண்டும் என்று பூங்காவனம் ஒற்றைக்காலில் நின்றதால் பிஸ்கட் பெட்டி அட்டையைக் கிழித்து '220' என்று எழுதினான். எண்ணைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டான். வேறு ஒரு எழுத்து இல்லை.

மூன்றாவது ஆள் கேத்தான். பிளேன் மாக்னியன் விமான நிலையத்தில் குழாய் பழுதுபார்க்கிறவன்; ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிவேலை எடுப்பான். பாட்டன் பேர் முத்து, தன் பேர் கேத்தான், போவது மாதா கோயில் என்று அவனே சொல்லிச் சிரித்தான். கோடு போட்ட நோட்டுத்தாளில் பென்சிலால் எழுதிக் கொடுத்தான். முந்நூற்றுப் பத்து.

மூன்றையும் இஸ்திரி மேசை மேல் பரப்பி வைத்து உட்கார்ந்தாள் பூங்காவனம். கோயில் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் எழுத்து இங்கே உதவவில்லை; எண்கள் மட்டும் புரிந்தன. எண்களைப் பார்த்தால் சின்னன்தான் மலிவு, சந்தேகமே இல்லை. வீரசாமியும் அதைத்தான் சொன்னான்: "நம்ம பையன் இருக்கும்போது வெளியாள் எதுக்கு?"

ஜினெட் வந்து வாசித்த பிறகுதான் தலை சுற்ற ஆரம்பித்தது.

"ஆந்த்ரே மூணு இடத்துல தண்ணி திறந்து மூடுற ரொபினே போடுறார். ஆனா பள்ளம் தோண்டுறது இதுல சேராதாம். கேத்தான் எல்லாம் சேத்துன்னு எழுதியிருக்கான். ஆனா ரொபினே ஒண்ணுதான் கணக்கு. இவர் முக்கால் அங்குலக் குழாய்ங்கிறார், அவன் அரை அங்குலம்ங்கிறான்."

"எது நல்லது?"

"எனக்கென்ன தெரியும்? தடிமனா இருந்தா நல்லதுதானே?"

"சின்னன் என்ன குழாய் போடுவான்?"

ஜினெட் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல பிஸ்கட் படம்தான் இருக்கு."

கேத்தான் தாளில் கடைசி வரி மட்டும் கிறுக்கலாக இருந்தது. கண்ணைச் சுருக்கி வாசித்தாள் ஜினெட். "ரோஷ் சேராதுன்னு எழுதியிருக்கான். துவைகல்லைத்தான் சொல்றான். அதுதான் உன்கிட்டே ஏற்கெனவே இருக்கே." கல்லுக்கு அங்கே ரோஷ் என்றுதான் பேர். பூங்காவனமும் தலையாட்டி அந்த வரியை அதோடு விட்டுவிட்டாள்.

மறுநாள் சின்னனிடமே போய்க் கேட்டாள். "தம்பி, இருநூத்து இருபதுல குழாயும் சேந்ததுதானே?"

அவன் ஆச்சரியமாகப் பார்த்தான். "அது கைவேலைக்கு மட்டும் அண்ணி. சாமான் நீங்க வாங்கிக் கொடுக்கணும். தெரியாதா?"

தெரியாது. திரும்பி வருகிற வழியெல்லாம் மூன்று எண்களும் அவள் தலைக்குள் ஒன்றை ஒன்று தள்ளின. இரண்டு இரவு சரியாகத் தூங்கவில்லை. மூன்று பேரும் ஏமாற்றுகிறார்களா, இல்லை மூன்று பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்களா என்பதே அவளுக்கு விளங்கவில்லை.

மூன்றாம் நாள் ஒரு வாடிக்கைக்காரி வந்து சண்டை பிடித்தாள். கீழ்த்தெருச் சலவைக்காரி போலெட் டஜன் துணிக்கு வாங்குவதைவிடப் பூங்காவனம் அதிகம் வாங்குகிறாளாம். "அவ கஞ்சி போடுறாளா? அறுந்த பொத்தானைத் தைக்கிறாளா? பெட்ஷீட்டை எத்தனை துணியாக் கணக்கு வைக்கிறா? ஒரே மூட்டையை ரெண்டு பேர்கிட்டயும் காட்டிட்டு அப்புறம் வந்து பேசுங்க மதாம்" என்று வெடித்தாள் பூங்காவனம். அந்த அம்மாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு போன பின்பும், தான் சொன்னது தன் காதிலேயே நின்றது.

துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்தாள். தெருவில் குழாய் புதைத்த இடத்தில் ஒரு நுனியைக் கல்லால் அழுத்தி, வாசல் வழியாக, பக்கச் சுவரை ஒட்டி, பின்கட்டுத் துவைகல் வரைக்கும் தரையில் இழுத்துப் போட்டாள். தண்ணீர் வேண்டிய இடங்களில், அதாவது அடுப்படி, குளியலறை, துவைகல் மூன்றிலும், இடத்துக்கொரு மரக்கவ்வியை மாட்டினாள். எழுபது அடிக்குக் கொஞ்சம் மேலே வந்தது. பிறகு மூன்று பேருக்கும் சொல்லி அனுப்பினாள்: இந்தக் கயிறு போகிற வழிக்கு, இந்த மூன்று இடத்துக்கு, தோண்டுவதும் மூடுவதும் சாமானும் கூலியும் சேர்த்து ஒரே விலை சொல்லுங்கள்.

ஆந்த்ரே கயிற்றைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நானூற்று நாற்பது என்றார். சின்னனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்மேல நம்பிக்கை இல்லையா அண்ணி?" என்று முணுமுணுத்துக்கொண்டே கூட்டினான்: நானூற்றைந்து.

கேத்தான் ஞாயிறு பூசை முடிந்து வந்தான். கயிற்றோடு கூடவே நடந்தான். துவைகல்லுக்கு வந்ததும் நின்றான். "தாந்தின், நீங்க எந்த நேரத்துல துவைப்பீங்க?"

அத்தை முறை சொல்லி அவன் கேட்ட கேள்வி அவளுக்குப் புதிதாக இருந்தது. இதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. "விடிஞ்சதும் ஆரம்பிச்சா பத்து மணி ஆயிடும்."

"அந்த நேரம்தான் சந்து முழுக்கக் குழாயைத் திறக்கும். உங்க வீடு கடைசி வீடு." வெளியே போய்ச் சந்து முனைக் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு வந்தான். "நான் அரை அங்குலம்னு எழுதினது தப்பு. முக்கால் அங்குலம் வேணும். கூடவே ஒரு மேடை கட்டி அதுமேல பீப்பாய் வைக்கணும். ராத்திரி ரொம்பினா காலையில துவைக்கலாம். பீப்பாயும் சேத்து நானூத்து இருபத்தஞ்சு."

பூங்காவனத்துக்கு மறுபடி குழம்பியது. தன் தப்பைத் தானே ஒத்துக்கொள்கிறவன் நேர்மையானவனா, வேலை தெரியாதவனா? சின்னன் இருபது ரூபாய் குறைவு, சொந்தக்காரன் வேறு. இவன் இருப்பதோ அவ்வளவு தூரத்தில். "ஒழுகினா யார் வருவாங்க?" என்று கேட்டாள்.

"நான்தான். ஆனா ஞாயித்துக்கிழமைதான் வர முடியும்" என்றான் கேத்தான்.

இரண்டு நாள் யோசித்தாள். வீரசாமியிடம் கேட்டதற்கு, "உன் துணி, உன் தண்ணி. அப்புறம் என் தலையை உருட்டாதே" என்று லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கடைசியில் கேத்தானுக்கே வேலையைக் கொடுத்தாள். ஏன் என்று கேட்ட ஜினெட்டிடம், "அவன்தான் நான் எப்போ துவைப்பேன்னு கேட்டான்" என்பதற்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை. சின்னன் அன்றிலிருந்து அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

முதல் ஞாயிறு முப்பது அடி தோண்டினான் கேத்தான். இரண்டாம் ஞாயிறு கடப்பாறை 'ணங்' என்றது. மண்ணைத் தள்ளிப் பார்த்தால் கரும்பாறை, ஒரு பெரிய பன்றி பருமன்.

"இதை உடைக்க முப்பது ரூபாய் தனியா ஆகும் தாந்தின்."

"எல்லாம் சேத்துன்னு சொன்னியே!"

"முதல்ல கொடுத்த தாள்ல எழுதியிருக்கேனே. ரோஷ் சேராதுன்னு."

பூங்காவனம் உள்ளே ஓடித் தாளை எடுத்து வந்தாள். ஜினெட்டையும் கூப்பிட்டாள். ஜினெட் வாசித்தாள். வாசித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ பூங்கா… நான் உன் துவைகல்லுன்னு நினைச்சேன்."

மூன்று பேரும் குழியைச் சுற்றி நின்றார்கள். யாரைத் திட்டுவது என்று பூங்காவனத்துக்குத் தெரியவில்லை. கேத்தான் மறைக்கவில்லை. ஜினெட் வேண்டுமென்று செய்யவில்லை. படிக்கத் தெரியாத தன்னைத்தான் திட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அதற்கும் மனசு வரவில்லை. சின்னனாக இருந்தால் சும்மா உடைத்துக் கொடுத்திருப்பானோ? அதுவும் தெரியாது.

வாசலில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த வீரசாமி எழுந்து வந்தான். குழியை எட்டிப் பார்த்தான். போய் லாரியைப் பின்பக்கமாகச் சந்துக்குள் கொண்டுவந்தான். கரும்புக் கட்டு இழுக்கிற சங்கிலியைக் கேத்தான் பாறையில் சுற்றிக் கட்டினான். லாரி உறுமியது, சக்கரம் வழுக்கியது. சந்திலிருந்த அத்தனை பேரும் வெளியே வந்து நின்று கத்தினார்கள். மூன்றாவது இழுப்பில் பாறை பல் பிடுங்கியது போல வெளியே வந்து உருண்டது. பூங்காவனம் அத்தனை பேர் நடுவில் கைகொட்டிச் சிரித்தாள். முப்பது ரூபாய் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

நாலாவது ஞாயிறு தண்ணீர் வந்தது. முதலில் இருமல் போல ஒரு சத்தம், பிறகு காப்பி நிறத்தில் கொஞ்சம், பிறகு தெளிவாக. மூன்று ரொபினேயையும் ஒரே நேரத்தில் திறந்து பார்த்தாள். துவைகல்லில் நிறைய விழுந்தது. அடுப்படியில் நூல் போல ஒழுகியது. இப்படித்தான் இருக்கவேண்டுமா, வேறு மாதிரி இருக்கவேண்டுமா என்று கேட்கத் தெரியாமல் மூடினாள். மறுநாள் விடிந்ததும் வாளி தூக்காமல் மோகா மூட்டையை அவிழ்த்து நனைத்தபோது, இடுப்பு வலிக்காதது விசித்திரமாக இருந்தது.

காவடிக்கு முந்தின வாரம் சின்னன் வந்தான். விரதக்காரர்களுக்கு மஞ்சள் துணி நனைத்துக்கொண்டிருந்தாள் பூங்காவனம். அவன் யாரையும் பார்க்காமல் நேரே பின்கட்டுக்குப் போய்க் குனிந்து, மூட்டு மூட்டாகக் குழாயைத் தடவினான். பீப்பாயை விரலால் தட்டினான். துவைகல் ரொபினேயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான்.

"வேலை நல்லாத்தான் இருக்கு அண்ணி" என்றான் கடைசியில். "ஆனா…"

"வேண்டாம் தம்பி" என்று அவசரமாகத் தடுத்தாள் பூங்காவனம், ஈரக் கையை நீட்டி. "அந்த 'ஆனா'வை மட்டும் உன்கிட்டயே வச்சுக்கோ. உள்ளே வா, தேத்தண்ணி போடுறேன்."

அவன் திறந்திருந்த ரொபினேயை இறுக்கி மூடினான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.