தண்ணீர் வராத குழாயடியில்

இரும்பு வாளியைக் கரண்டியால் தட்டினால் எழுகிற 'ணங் ணங்' ஓசையைக் கேட்டால் இந்த வயதிலும் எழுந்துபோய் வாசலை எட்டிப் பார்த்துவிடுவேன். ஐம்பதுகளின் கடைசியில், பாலக்கரைப் பக்கம் முனிசிபாலிட்டி தன் தொழிலாளிகளுக்குக் கட்டிக்கொடுத்திருந்த ஓட்டு வீட்டு வரிசையில் நாங்கள் குடியிருந்தபோது, அந்த ஓசைக்கு ஒரே அர்த்தம்தான்: வீடுகளைச் சோதனை போட முனிசிபாலிட்டி ஓவர்சியர் வருகிறார்.

அப்பா ரோடு ரோலர் ஓட்டினார். அந்த வேலைக்காகக் கிடைத்த ஓர் அறையும் சமையல்கட்டும்தான் எங்கள் வீடு. சுண்ணாம்பு அடிப்பதையும் ஓடு மாற்றுவதையும் முனிசிபாலிட்டியே பார்த்துக்கொள்ளும். ஆனால் புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள் தவிர வேறு யாரும் அங்கே தங்கக் கூடாது, தங்கினால் வீடு போய்விடும். அப்படித் தங்குகிறவருக்கு எங்கள் வரிசையில் 'வெளியாள்' என்று பெயர். எங்கள் வீட்டு வெளியாள், அப்பாவின் தங்கை பாக்கியம் அத்தை. புருஷனை இழந்து லால்குடியிலிருந்து ஒரு துணிமூட்டையோடு வந்து நின்றவளை எங்கே அனுப்புவது? எனக்குத் தலை பின்னி ஸ்கூலுக்கு அனுப்புவதும், இரவில் என்னை அணைத்துப் படுத்துக்கொள்வதும் அவள்தான் என்பதால், அவள் போய்விடுவாளோ என்று நினைத்தாலே உயிர் போய்விடும். வீடு போய்விடுமோ என்று நினைத்தாலும் அப்படித்தான்.

வெளியாள் இல்லாத வீடு அந்த வரிசையில் அநேகமாக இல்லை. ஆகவே எல்லாருமாக ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். முதல் வீட்டு மரியக்கா வாளியைத் தட்டியதும், வெளியாட்கள் ஆளுக்கொரு குடத்தை எடுத்துக்கொண்டு கோடியிலிருந்த பொதுக்குழாயில் போய் நின்றுவிட வேண்டும். அடுத்த தெருக்காரர்களும் அங்கே தண்ணீருக்கு வருவார்கள் என்பதால், யார் எந்த வீடு என்று ஓவர்சியருக்குத் தெரியாது. "பயந்த மாதிரி முழிக்காத, தண்ணிக்கு வந்தவ மாதிரி நில்லு" என்று ஒவ்வொரு தடவையும் அம்மா அத்தையிடம் சொல்லியனுப்புவாள்.

ஒரு கோடை மத்தியானம் வாளி ஒலித்தது. அத்தை குடத்தோடு ஓட, நானும் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். வழக்கம்போல் வரிசை சேர்ந்துவிட்டது. ஓவர்சியர் சைக்கிளை நிறுத்திவிட்டு நேரே வந்து குழாயைத் திருகினார். ஒரு சொட்டு வரவில்லை. மெயின் பைப்பில் வேலை நடப்பதால் சாயங்காலம் வரை தண்ணீர் வராது என்று காலையிலேயே தண்டோரா போட்டிருந்தார்கள். வாளிச் சத்தத்தில் ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை.

"தண்ணியத்தான் நிறுத்தியிருக்கே, எதுக்கும்மா இவ்வளவு பேர் நிக்கிறீங்க?"

அத்தையின் கையிலிருந்து நழுவிய குடம் உருண்டுபோய் அவர் செருப்பில் முட்டியது. அவர் அதை எடுத்து அவளிடம் கொடுத்தார். எங்கள் முகங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் சைக்கிளேறிப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

நோட்டீஸ் வந்துவிடும் என்று வரிசை முழுக்கப் பேச்சு. அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. காக்கிச்சட்டை தெரிந்தாலே அம்மா கதவைச் சாத்தினாள். ஒரு நாள் நான் ஸ்கூல் விட்டு வந்தபோது அத்தையின் துணிமூட்டையைக் காணோம். ஸ்ரீரங்கத்தில் ஒரு பெரிய வீட்டில் பாத்திரம் தேய்க்கச் சேர்ந்து, அங்கேயே மாட்டுக்கொட்டிலை ஒட்டிய மூலையில் படுத்துக்கொள்கிறாள் என்றார்கள். அன்றிரவு நான் அழுத அழுகைக்கு அம்மாவிடம் அடிதான் கிடைத்தது. அடித்துவிட்டு அவளும் அழுதாள்.

அடுத்த மாதம் முனிசிபாலிட்டி ஆட்கள் வந்தார்கள். கொண்டுவந்தது நோட்டீஸ் அல்ல, கடப்பாரையும் பைப்பும். வரிசையின் நடுவில் இன்னொரு குழாய் போட்டார்கள். "தண்ணி இல்லாதப்பவே அத்தனை கூட்டம் நிக்குது, ஒரு குழாய் பத்தாதுன்னு ஓவர்சியர் சொல்லிட்டாருங்க" என்றார் வந்தவர்களில் ஒருவர். ஓவர்சியர் நிஜமாகவே அப்படி நம்பினாரா, தெரிந்தே எங்களை விட்டுவிட்டாரா, தெரியாது. அப்பா உடனே ஸ்ரீரங்கத்துக்கு ஓடினார். அத்தை வரவில்லை.

"வேணாண்ணே. என்னால வீடு போச்சுன்னா, புள்ளைங்கள வச்சுக்கிட்டு எங்க போய் நிப்பீங்க?"

அந்த வரிசை இன்று இல்லை. ஓடுகளும் இரண்டு குழாய்களும் போய், அந்த இடத்தில் கடைகள் வந்துவிட்டன. அத்தை தன் கடைசிக் காலத்தில் தில்லை நகரில் என்னோடு வந்து இருந்தாள். நானும் கணவரும் கட்டிய சொந்த வீடு. ஒரு நாள் காலிங் பெல் அடித்தது. காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரை அனுப்பிவிட்டுத் திரும்பினால், கூடத்தில் அத்தையைக் காணவில்லை. வீடு முழுக்கத் தேடிவிட்டுக் கொல்லைப்புறம் போனேன். வெறும் பிளாஸ்டிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, குழாயடியில் நின்றிருந்தாள்.

"போயிட்டாராம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள்.