பிலோமினா அக்காவுக்கு வைத்த பொய் போர்டு

பிலோமினா அக்கா இறந்த செய்தி, வாட்ஸ்அப்பில் ஒரு ஃப்ளெக்ஸ் போர்டின் படமாகத்தான் எனக்கு வந்து சேர்ந்தது. ‘சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி அனைத்தையும் மருந்தில்லாமல் தீர்த்த தெய்வக் கரங்களுக்குக் கண்ணீர் அஞ்சலி.’ கீழே, கறம்பக்குடியில் புதிதாக மசாஜ் நிலையம் திறந்திருப்பவரின் படம், அக்காவின் படத்தைவிடப் பெரிதாக. அழுகைக்கு முன்னால் எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

இலுப்பூரில் அக்கா மசாஜ் செய்துவந்த அறைக்குப் பக்கத்தில்தான் என் மருந்துக்கடை. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன இடத்தில் ஷியாட்சு என்ற ஜப்பானிய முறையை அவர் படித்துவிட்டு வந்தார். தரையில் மெத்தை விரித்து, உடுத்திய துணியோடு படுக்கவைத்து, கட்டைவிரலாலும் உள்ளங்கையாலும் நிதானமாக அழுத்துவார். எண்ணெய் கிடையாது. நம் ஆட்களோ வீட்டிலிருந்தே நல்லெண்ணெய் பாட்டிலோடு வந்து நிற்பார்கள். “எண்ணெயத் தோசைக்கு வச்சுக்கங்க, நீங்க மட்டும் உள்ள வாங்க” என்பார். மசாஜ் என்றதும் பல்லிளித்தவர்களும் உண்டு. அக்கா அவர்களைக் கண்டுகொள்ள மாட்டார். நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

கோட்டைப்பட்டினத்திலிருந்து வந்து இங்கே மகள் வீட்டில் தங்கியிருந்த பாய் ஒருவர், தோள்வலிக்காக அக்காவிடம் போய்க்கொண்டிருந்தார். வலி குறைந்து நன்றாகத் தூக்கம் வந்த சந்தோஷத்தில் சர்க்கரை மாத்திரையையே நிறுத்திவிட்டார். அதை அக்காவிடமே பெருமையாகவும் சொன்னார். அக்கா போட்ட சத்தம் என் கடைவரை கேட்டது.

“ஒடம்பு இளகும், தூக்கம் வரும். என் கையால ஆகுறது அம்புட்டுதான். சர்க்கரைக்கு டாக்டரப் பாருங்க. மாத்திரை போடாம இங்கிட்டு வராதீங்க!”

அக்காவும் மாதாமாதம் என்னிடம் பிரஷர் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டவர்தான். அவருடைய படத்துக்கு மேலேயே ‘மருந்தில்லாமல்’ என்று எழுத இவர்களுக்கு எப்படி மனசு வந்தது?

அடக்கம் முடிந்து வெளியே வந்ததும் அந்தக் கறம்பக்குடிக்காரரைப் பிடித்துக் கேட்டேன்.

“செத்தவங்களப் பத்திப் பெருமையா நாலு வார்த்தை போட்டா ஒங்களுக்கு என்னண்ணே வந்துச்சு?” என்றார்.

என்ன வந்தது என்பது மறுநாளே தெரிந்தது. வழக்கமாகச் சர்க்கரை மாத்திரை வாங்கும் செல்வி கடைக்கு வந்து, இருமல் மருந்து மட்டும் கேட்டாள். மாத்திரை வேண்டாமா என்றேன்.

“போர்டுல போட்ருக்காங்கள்ல, அமுக்கியே கொணப்படுத்தலாம்னு. அக்கா பேரச் சொல்லிப் பொய்யாண்ணே போடுவாங்க? கறம்பக்குடிக்குப் போய்ப் பாக்குறேன்.”

அக்காவின் நல்ல பெயரை வைத்தே அவளை ஏமாற்றியிருக்கிறார்கள். அக்கா பாயிடம் சொன்னதை வார்த்தை மாறாமல் செல்வியிடம் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது, தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். செல்வி தலையைக் குனிந்துகொண்டு மாத்திரையை வாங்கிப் போனாள்.

என் கடைக்கு வருகிறவர்களிடம் நான் சொல்லிவிடுவேன். வராதவர்களிடம் யார் சொல்வது?

அக்காவைத் தெரிந்தவர்களே, அவருடைய கைப்பக்குவம் நம்மில் யாருக்கும் வராது. எனக்கென்று மிஞ்சியிருப்பது அவருடைய கோபம் மட்டும்தான். அதை நான் விடப்போவதில்லை.