என் வாந்தியும் ஒரு மாற்றல் மனுவும்

பிறப்புச் சான்றிதழை விட்டால், அரசாங்கக் காகிதத்தில் நான் முதன்முதலாக இடம்பிடித்தது பஸ்ஸில் வாந்தி எடுப்பவள் என்ற தகுதியில்தான். அப்போது இரண்டாம் வகுப்பு.

அப்பாவுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. அவரோடு ஒத்துப்போகாமல் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு சிங்காரப்பேட்டையில் பிறந்தவீட்டுக்கு வந்துவிட்டாள். அப்பா விவாகரத்து வழக்கை ஓசூர் கோர்ட்டில் போட்டார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி என்று பஸ் மாறி மாறிப் போகவேண்டும். அம்மாவுக்கு அது தண்டனை, எனக்குத் திருவிழா. பள்ளிக்கூடம் இல்லை, கிருஷ்ணகிரியில் போண்டா உண்டு, கோர்ட் வாசலில் அப்பா உண்டு. பைக்கின் டேங்க்மேல் உட்காரவைத்து ஒரு ரவுண்டு அடிப்பார். தெருமுனைக்கே கம்பெனி பஸ் வந்தாலும் அவர் பைக்கில்தான் வேலைக்குப் போவார். அதை ஸ்டைல் என்று நம்பி வகுப்பெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

சிக்கல் ஒன்றே ஒன்று. தின்ற போண்டா ஓசூர் வழியில் சூளகிரியைத் தாண்டாது. கண்டக்டர்களுக்கு என் முகம் மனப்பாடம். “யம்மா, அந்தப் பாப்பாவ ஜன்னலோரம் ஒக்கார வையி. போன தடவ பின்சீட்டு ஆளு என்னத்தான் திட்டுனாரு” என்பார் ஒருவர். அம்மாவின் பையில் எலுமிச்சம்பழம், தண்ணீர் பாட்டில், பழைய துண்டு மூன்றும் எப்போதும் தயாராக இருக்கும்.

வழக்கை ஊத்தங்கரைக்கு மாற்றக் கேட்கலாம் என்றார் அம்மாவின் வக்கீலக்கா. “பாப்பாவுக்கு பஸ்ஸு ஒத்துக்கலன்னு மனுவுல எழுதிடலாமா?”

“தாராளமா எழுதுங்கக்கா. வேணும்னா கண்டக்டருங்களே சாட்சிக்கு வருவாங்க.”

பெருமையில் நெளிந்தேன். வீட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது: வழக்கு இங்கே வந்துவிட்டால் போண்டாவும் இல்லை, பைக் ரவுண்டும் இல்லை. நான் வாந்தி எடுக்காவிட்டால் மனு செல்லாது என்பது என் சட்ட அறிவு. அடுத்த வாய்தாவுக்கு வாயை இறுக மூடிக்கொண்டு பயணம் செய்தேன். ஓசூர்வரை வெற்றி. அப்பா தூக்கியதும் அவருடைய கம்பெனிச் சட்டைமேல் மொத்தமும் தோல்வி.

அவர் சட்டையைத் துடைக்கவில்லை. என் வாயைத் துடைத்தார். அம்மாவைப் பார்த்து, “எப்பவும் இப்டித்தானா?” என்றார்.

“பின்ன, மனுவுல பொய்யா எழுதியிருக்கோம்?”

அப்பா விடமாட்டார், எதிர்ப்பார் என்று நம்பியிருந்தேன். கிருஷ்ணகிரி மாவட்ட கோர்ட்டில் மனு விசாரணைக்கு வந்தபோது அவருடைய வக்கீல் எழுந்து, “ஆட்சேபணை இல்லை” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்க்கப் பிடிக்காமல்தான் அப்பா விட்டுவிட்டார் என்று திரும்பும் வழியெல்லாம் உர்ரென்று வந்தேன். அன்றும் வாந்தி மட்டும் தவறவில்லை.

ஊத்தங்கரையில் முதல் வாய்தா. நாங்கள் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நின்றபோது கிருஷ்ணகிரி பஸ் வந்தது. நைட் ஷிப்ட் முடித்த தூக்கத்தில் அவ்வளவு தூரம் பைக் ஓட்டமுடியாமல் அப்பா பஸ்ஸில் வந்திருந்தார். இறங்கினார். நேராகச் சாக்கடை ஓரம் போய்க் குனிந்தார்.

“யம்மா, அப்பாவும் என்ன மாதிரியே!” என்று கைதட்டிச் சிரித்தேன்.

அம்மா சிரிக்கவுமில்லை, ஆச்சரியப்படவுமில்லை. பாட்டிலைத் திறந்து நீட்டினாள். பிறகு துண்டு. பிறகு எலுமிச்சம்பழம்.

“வெறும் வயித்துல பஸ் ஏறாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?”

அவர் பழத்தை மோந்துகொண்டே எங்கள் பின்னால் கோர்ட்டுக்கு நடந்து வந்தார். அங்கேதான் சில வாய்தாக்களில் விவாகரத்து ஆகி எல்லாம் முடிந்தது.

பையிலிருந்த அந்த மூன்றும் எனக்காக ஏற்பட்ட பழக்கம் என்றே வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.