தலையைப் பிடித்த கை

ஓவியத்தை ரசிப்பது எப்படி என்று இணையத்தில் ஆறு வாரம் படித்துச் சான்றிதழ் வாங்கியவன் நான். அதிலிருந்து, சுவரில் எது தொங்கினாலும் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. நான் வருகிறேன் என்று தெரிந்தால் காலண்டரைக்கூடக் கழற்றி வைக்கிற வீடுகள் நாமக்கல்லில் உண்டு.

முட்டி வலிக்காக அஸ்தம்பட்டியில் ஓர் எலும்பு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். காத்திருக்கும் கூடத்தில் பெரிய படம் ஒன்று. சிலுவையிலிருந்து இயேசுவின் உடலை இறக்குகிறார்கள். ஓரத்தில் தாய் துவண்டு கிடக்கிறாள். பக்கத்து நாற்காலியில் எருமப்பட்டிக்கார அம்மா ஒருவர், என் வயதுதான் இருக்கும், அதையே பார்த்துக்கொண்டு "சாமி, சாமி" என்று முணுமுணுத்தார். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை செய்யும் அவர் மகனுக்குத் தொடை எலும்பு முறிந்து உள்ளே ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது. இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டதோடு நான் வாயை மூடியிருக்கலாம்.

"கும்புட்டா மட்டும் போதாதுங்க, படத்தப் பாக்கவுந் தெரியோணும்" என்று ஆரம்பித்தேன். மூலைக்கு மூலை இறங்கும் சாய்கோடு, வெள்ளைத் துணியில் விழும் ஒளி, தாயின் நீல உடை சொல்லும் துயரம் என்று ஒன்றையும் விடவில்லை. அந்த அம்மா மரியாதைக்குத் தலையாட்டினார். எதிரே காலில் மாவுக்கட்டோடு இருந்தவர் எழுந்து போக வழியில்லாததால் அவரும் கேட்டார்.

"அதெல்லாஞ் செரிங்க. தலையப் புடிச்சிருக்கறது யாருங்க?" என்றார் அந்த அம்மா.

கிட்டப் போய்ப் பார்த்தேன். பின்தலைக்கு அடியில், விரல்களை விரித்தபடி ஒரு கை. கைக்குரியவரைத் துணி மறைத்திருந்தது. இவ்வளவு நேரம் பேசிய நான் அந்தக் கையைப் பார்க்கவே இல்லை.

ரிக் வண்டிக் கம்பத்தின் உச்சியில் மாட்டிக்கொண்ட மகனை நாலு பேர் கயிறு கட்டி இறக்கியதை எவனோ போனில் எடுத்து அந்த அம்மாவுக்கு அனுப்பியிருந்தானாம். "காலப் புடிச்சாங்க, இடுப்பப் புடிச்சாங்க. தலைய ஒருத்தரும் புடிக்கலீங்க. கம்பியில இடிச்சுக்கிட்டே வந்துது."

கதவு திறந்தது. நல்லபடியாக முடிந்தது என்று நர்ஸ் சொன்னார். பின்னாலேயே ஸ்ட்ரெச்சர் வந்தது. நிலைப்படியில் சக்கரம் இடித்ததும் அந்த அம்மா ஓடிப்போய் மகனின் பின்தலைக்கு அடியில் உள்ளங்கையை நுழைத்தார்.

"சாமி, நான் புடிச்சுக்கறேன் சாமி."

அவர் இவ்வளவு நேரம் படத்தைக் கும்பிடவில்லை, மகனைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்து வழக்கப்படி என் பிள்ளைகளை நானும் சாமி என்றுதான் கூப்பிடுகிறேன். வெட்கமாக இருந்தது.

"அந்தக் கை யாருதுன்னு சொல்லவே இல்லீங்களே?" என்றார் மாவுக்கட்டுக்காரர்.

தெரியாதுங்க என்றேன். சான்றிதழ் வாங்கிய பிறகு அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.