பூங்காவுக்கு வால் முளைக்காது

திங்கட்கிழமை காலை, இஸ்திரிப் பெட்டியில் கரியைப் போட்டு விசிறிக்கொண்டிருந்தேன். வக்கீல் ஜெயசீலி அம்மா வீட்டுக் கதவு திறந்தது. கறுப்பு கோட்டு வருகிறது என்று கையை நீட்டினேன். வெளியே வந்தது அவர்களுடைய தம்பி மகள் ஸ்டெல்லா. கையில் கோட்டு இல்லை.

"அண்ணே, அத்தை எழுந்திருக்கலண்ணே" என்றார்.

நீட்டிய கையை மடக்கக்கூடத் தோன்றவில்லை. போன வெள்ளிக்கிழமை வரை ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து, ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சி கோர்ட்டுக்குப் போய் வந்தவர்கள். எழுபது வயதைத் தாண்டிவிட்டது என்று சொன்னால் அவர்களுக்கே கோபம் வரும்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அம்மா ஐந்தடி இருக்க மாட்டார்கள். குரல் மட்டும் காவேரிப் பாலத்தைத் தாண்டும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "எதிர்க்கட்சிக்காரரோட ஒரே வீட்ல குடியிருக்க முடியாதுப்பா" என்பார்கள்.

நான் இந்தத் தெருவுக்கு வண்டி தள்ளிக்கொண்டு வந்த புதிதில், அவர்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் பூங்காவுக்குள், புங்கமரத்தடியில் கடை போட்டேன். முதல் நாளே ஒரு சேலையோடு வந்தார்கள்.

"பேரு என்னப்பா?"

"கோவிந்தனுங்க."

"அய்யய்யோ! அப்ப துணி கோவிந்தாவா?"

"துணி பத்திரமா வந்துரும்மா. உங்ககிட்ட குடுத்த கேஸுதான் என்ன ஆகும்னு தெரியல."

சிரித்துச் சிரித்து அவர்களுக்குப் புரையேறிவிட்டது. அன்றிலிருந்து சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினால் நான் கேட்பேன்: "அம்மா, இன்னைக்கு கேஸு கோவிந்தாவா?" "வாய்தாப்பா, வாய்தா!" என்று கையை ஆட்டிக்கொண்டே போவார்கள்.

எங்கள் பூங்கா பெரிய இடமெல்லாம் இல்லை. ஊஞ்சல், சிமெண்டு பெஞ்சு, நாலு புங்கமரம். ஆனால் தெருப் பிள்ளைகளுக்கு ஓடியாட வேறு இடம் கிடையாது. பெரியவர்களுக்குக் காலாற நடக்கவும் அதுதான். வைகுண்ட ஏகாதசி வந்துவிட்டால் தெருவெல்லாம் வேன் நிற்கும். அதைப் பார்த்த ஒரு காண்ட்ராக்டருக்கு ஆசை வந்துவிட்டது. மரத்தை வெட்டி, தரைக்கு சிமெண்டு பூசி, வேன் நிறுத்திக் காசு வாங்கலாம் என்று மேலே யார் யாரையோ பிடித்திருக்கிறார்.

எங்களுக்கு அது எப்படித் தெரிந்தது தெரியுமா? வாசல் போர்டில் "பொதுமக்கள் பார்க்" என்று எழுதியிருக்கும். ஒரு நாள் காலையில் பார்த்தால், அதன் பக்கத்தில் ஈரம் காயாத பெயிண்டில் "கிங்" சேர்ந்திருக்கிறது. பொதுமக்கள் பார்க்கிங்!

அம்மா வந்து பார்த்தார்கள். "பெயிண்டு செலவுல எவ்வளவு மிச்சம் பிடிச்சிருக்கான் பாரேன்!" என்று முதலில் சிரித்தார்கள். அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்து, சிரிக்காமல் சொன்னார்கள்.

"மனை பிரிச்சு வித்தப்பவே இது பூங்காவுக்குன்னு ஒதுக்கின இடம். நெனைச்ச நேரத்துக்கு வேற எதுக்கும் தூக்கிக் குடுக்க முடியாது. பூங்காவைக் காப்பாத்துறதுக்குன்னே தனிச் சட்டம் இருக்கு, கோவிந்தா."

"அப்பறம் என்னம்மா, போட்டுத் தாக்குங்க!"

"தாக்கலாம். உன் வண்டி எங்க நிக்குது?"

திரும்பிப் பார்த்தேன். புங்கமரத்தடியில், பூங்காவுக்குள்ளே நின்றது.

"வேன் நிக்கக் கூடாதுன்னு கேக்குற வாயால, உன் வண்டி மட்டும் நிக்கலாம்னு எப்படிப்பா சொல்லுவேன்? நீ சரின்னாத்தான் கேஸு போடுவேன். உன் பொழப்பு இது. வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்லு."

"ஏம்மா, உங்க கோட்டைத் தேய்க்கிறவன் வயித்தையே தேய்க்கிறீங்களே!"

"தெரியுது. அதான் உன்னைக் கேக்குறேன்."

என்னைப் போன்ற ஆளிடம் ஒரு வக்கீல் வந்து சம்மதம் கேட்டார்கள். அதை எப்படி மறப்பது? மறுநாள் காலையில் நானே வண்டியை வெளியே தள்ளினேன். வெளியே நல்ல வெயில். எங்கே நிறுத்துவது என்று முழித்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு கேட்டு திறந்தது.

"இங்க போர்டிகோவுல நிறுத்திக்க. வாடகை கிடையாது. கோட்ல ஒரு சுருக்கம் இருந்துச்சு, அன்னைக்கே காலி பண்ணச் சொல்லி நோட்டீஸு வரும்!"

வழக்கு மதுரை ஹைகோர்ட்டுக்குப் போனது. அம்மா பஸ்ஸிலேயே போய் வந்தார்கள். அம்மா நினைத்தபடியே எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டாராம்: "அங்கே ஓர் இஸ்திரி வண்டி நிற்கிறதே, அது மட்டும் சட்டமா?" அம்மா எழுந்து, "நின்றது. இப்போது என் வீட்டு வாசலில் நிற்கிறது" என்றார்களாம். இதைச் சொல்லும்போதெல்லாம் அவர்களுக்கு முகம் பூரித்துப்போகும்.

தீர்ப்பு வந்த சாயங்காலம் தெருமுனையிலிருந்தே அந்தக் குரல் கேட்டது. "கோவிந்தா! கேஸு கோவிந்தா ஆகலடா!" தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. என்னை 'டா' போட்டுக் கூப்பிட்டது அந்த ஒரு முறைதான்.

போர்டைப் புதிதாக எழுத வைத்தார்கள். "பார்க்குன்னு எழுதினா வால் முளைக்குது. பூங்கான்னு எழுதுங்க. அதுக்குப் பின்னாடி கிங் போட்டா, போட்டவனே சிரிச்சிடுவான்" என்றார்கள். அதற்கப்புறம் அவர்கள் காதுபட யாரும் பார்க் என்று சொல்ல முடியாது. நான் மட்டும் தினம் சொல்வேன். அவர்கள் திட்டுவதைக் கேட்காவிட்டால் எனக்குப் பொழுது போகாது.

அம்மா போன மறுநாள், செவ்வாய்க்கிழமை, கடைசி முறையாகக் கோட்டைத் தேய்த்துக் கொடுத்தேன். ஸ்டெல்லா அதை அவர்களுக்குப் போட்டுவிட்டார். ஒரு சுருக்கம் கிடையாது, நோட்டீஸ் விட வழியே இல்லை.

சர்ச்சுக்குக் கொண்டுபோக வண்டி வந்தது. தெருவில் கூட்டம், திருப்ப இடமில்லை. டிரைவர் பூங்கா கேட்டைப் பார்த்தார். "உள்ள விட்டுத் திருப்பிக்கிறேண்ணே, ரெண்டே நிமிஷம்."

நான் கேட்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். "கூடாதுங்க."

"அவங்களுக்காகத்தானேண்ணே?"

"அவங்களுக்காகத்தான் கூடாதுங்கிறேன்."

வண்டி தெருமுனைக்குப் பின்வாங்கியது. நாங்கள் பெட்டியைத் தோளில் தூக்கி, புங்கமரங்களை ஒட்டி நடந்தே கொண்டுபோனோம். உள்ளே ஒரு குழந்தை ஊஞ்சலை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தது. அப்புறம் மறுபடி ஆடத் தொடங்கியது.

போயிட்டு வாங்கம்மா. பூங்கா பூங்காவாகத்தான் இருக்கிறது. உங்கள் வண்டியும் சரி, என் வண்டியும் சரி, வெளியேதான் நிற்கிறது.