கந்தளாய் வழியாக வெருகலுக்கு, இழுக்காத லொறியில்

வெருகலுக்கு இப்போது தரை வழியாகப் போய் வரலாமா? சென்ற பதிவின் கீழே இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் கனடாவில் இருப்பவர். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு முருகன் கோவில் திருவிழாவுக்கு வர நினைக்கிறார். எனக்குப் பதில் தெரியாது. போர் நிறுத்தம் இரண்டு வருடத்தைத் தாண்டிவிட்டது, பாதை திறந்திருக்கிறது, நான் போய் வந்தேன். இந்த மூன்றையும் கூட்டி "போகலாம்" என்று விடை எடுப்பவர்கள் எடுக்கட்டும். நான் போன விதத்தை மட்டும் எழுதுகிறேன்.

போனது ஆவணி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. எங்கள் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர்கள் வெருகலுக்குக் கிட்ட உள்ள ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு மேசையும் கதிரையும் அனுப்பினார்கள். முதல் தடவை அனுப்பியவை உண்மையில் போய்ச் சேர்ந்தனவா என்று கூட்டத்தில் கேட்டது நான்தான். ஆகையால் இரண்டாம் தடவை கூடவே போகும் வேலையும் எனக்கே வந்தது. நான் புவியியல் படிப்பிக்கிறேன். லொறிகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

ஆட்கள் மட்டும் போவதென்றால் திருகோணமலைத் துறையிலிருந்து மூதூருக்கு லோஞ்ச் படகு இருக்கிறது; அங்கிருந்து பஸ். கிண்ணியா வழியால் போனால் பாதைகளில், அதாவது ஆறு கடக்கும் மிதவைகளில், ஏறி இறங்க வேண்டும். பாரம் ஏற்றிய லொறிக்கு அது சரிவராது. நாங்கள் தம்பலகாமம், கந்தளாய், சேருநுவர என்று சுற்றிப் போனோம். கிலோமீற்றர் கணக்கு எதிர்பார்ப்பவர்கள் மன்னிக்க வேண்டும். அந்த லொறியின் தூரம் காட்டும் மீற்றர் எப்போதோ நின்றுவிட்டது, தெருக்கரைக் கற்களில் பாதி இல்லை. கந்தளாய் வரை நாற்பதுக்குச் சற்றுக் குறைவு. அதற்கு அப்பால் அதைவிடக் கூட, தெருவும் மோசம். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வெருகலில் நிற்கலாம் என்றார்கள். நாங்கள் ஏற்றிப் புறப்படவே பத்து மணி தாண்டிவிட்டது.

லொறிக்காரர் யோகராசா. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். எல்லோரும் யோகண்ணை என்கிறார்கள், நானும் அப்படித்தான். லொறிக்கு என் உத்தியோகத்தைவிட வயது கூட. நாலாம் மைல் கட்டை தாண்டுவதற்கு முன்பே அதன் வருத்தத்தை முழுவதும் சொல்லி முடித்துவிட்டார். சித்திரை மாதத்திலிருந்து நீண்ட ஓட்டம் ஓடினால் இழுவை குறைகிறது. முதலில் எஞ்சின் பக்கம் 'டொங்' என்று ஒரு சத்தம், கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்குகிறது, பிறகு நிற்கிறது. நிறுத்தி வைத்தால் தானாகவே சரியாகிறது. ஒருவர் டீசல் வடிகட்டும் வடியை மாற்றினார், இன்னொருவர் டீசல் பீய்ச்சும் நொசிலைக் கழற்றித் துடைத்தார். இரண்டு பேரின் கையிலும் அன்றைக்குச் சுகப்பட்டது, அடுத்த ஓட்டத்தில் திரும்பவும் அதே கதை.

"முந்தி ஆமி மறிச்சு மறிச்சு விட்ட காலத்தில இவள் குதிரை மாதிரி ஓடினவள், ரீச்சர். இப்ப ஒருத்தனும் மறிக்கிறேல்லை, இவளும் ஓடுறாளில்லை. பயத்திலதான் ஓடியிருக்கிறாள் போல."

நான் சிரித்துவைத்தேன். போர்க் காலத்தைப் பற்றி இப்போது ஒவ்வொருவரும் தங்களுக்கு வசதியானதைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அதை ஒரு சான்றாக எடுக்க ஏலாது என்று நினைத்தேன். சோதனைச் சாவடிகள் இன்னும் அதே இடங்களில் இருக்கின்றன. ஆனால் அன்று எங்கள் லொறியைக் கண்டதும் கையை ஆட்டிப் போகச் சொன்னார்கள். ஒரு காலத்தில் நான் இதே வழியில் பஸ்ஸில் போய், ஒவ்வொரு சாவடியிலும் இறங்கி வரிசையில் நடந்திருக்கிறேன்.

முள்ளிப்பொத்தானை தாண்டியதும் சத்தம் கேட்டது. சொன்னபடியே இழுவை குறைந்தது. கந்தளாய்ச் சந்திக்கு ஊர்ந்துதான் போனோம்.

சந்திக்குக் கிட்ட பாயிஸ் நானாவின் பட்டறை. நொசில் துடைத்தவர் அவர்தான். எஞ்சினைச் சுற்றி நடந்தார், தாங்கி மூடியைத் திறந்து டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று விரலில் தொட்டு மணந்து பார்த்தார், மூடினார், எஞ்சின் ஓடும்போது காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு என்னைப் பார்க்காமல் யோகண்ணையிடம் சொன்னார்: "பம்ப் போயிட்டு. புதுசு போட இந்த லொறி பெறாது யோகராசா. வழியில படுத்தா நாளைக்குக் கட்டி இழுத்துக்கொண்டு வா. நான் உதிரிப்பாகத்துக்கு எடுக்கிறன்."

அவர் ஏமாற்றுகிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. யோகண்ணையும் பேரம் பேசவில்லை. தேநீர் குடிக்கும்போது என்னிடம் விளக்கினார். மனைவியோடு கதைத்து முடித்துவிட்டாராம். "இந்த ஓட்டம் சரிவந்தா வச்சிருப்பன். இல்லையெண்டா நாளைக்கு நானாட்டைக் குடுத்திட்டு, மச்சானிட கடையில மூட்டை தூக்க வேண்டியதுதான்." அதற்குப் பிறகு கதிரைகள் போய்ச் சேர்வது மட்டும் என் கவலையாக இருக்கவில்லை.

கந்தளாயிலிருந்து லொறி நன்றாகவே ஓடியது. அரை மணி நேரம் போயிருக்கும். 'டொங்'. யோகண்ணை என்னைப் பார்த்தார். ஒரு வாய்க்கால் பாலத்து ஏற்றத்தில் லொறி நின்றேவிட்டது.

இரண்டு பக்கமும் காடு. தெருவில் ஆனை இலத்தி ஈரம் காயாமல் கிடந்தது. சைக்கிளில் வந்த சிங்கள விவசாயி ஒருவர் "அலி, அலி" என்று சொல்லி, முன்கையைத் துதிக்கை போல ஆட்டிக் காட்டிவிட்டு வேகமாக மிதித்துப் போனார். எங்களுக்கு வேறொரு நெருக்கடியும் இருந்தது. சேருநுவரவுக்கு அப்பால் உள்ள கடைசி அரசாங்கச் சாவடியில் ஐந்து மணிக்குப் படலையைப் பூட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு, இயக்கத்தின் கையில் உள்ள அந்தப் பக்கத்துக்குப் போக ஏலாது.

காத்திருந்தோம், ஓடியது, கொஞ்சத் தூரத்தில் திரும்ப நின்றது. எஞ்சின் சூடு, வடி, குழாய் என்று யோகண்ணை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். டீசலில் கஞ்சல் குப்பை இருக்கலாம் என்று நானும் ஒரு யோசனை சொன்னேன். அதுவும் பிழை. கடைசியில் டீசல் எவ்வளவு இருக்கிறதென்று பார்க்க, ஒரு தடியை முறித்துக்கொண்டு தாங்கி மூடியைத் திருகினார். நான் தாங்கிக்குப் பக்கத்தில் நிழலுக்கு நின்றேன். 'உஸ்ஸ்' என்று நீளமாக ஒரு சத்தம். அது முடியும்போது தாங்கியின் தகரம் 'டொங்' என்றது.

அதே சத்தம். எஞ்சினிலிருந்து அல்ல.

கேட்டேன். "அது எப்பவும் அப்பிடித்தான் ரீச்சர். வெயிலுக்குக் காத்து அடைச்சிருக்கும்" என்றார். லொறி புறப்பட்டது, குறையே இல்லாமல் ஓடியது. இன்னும் அரை மணி நேரத்தில் 'டொங்' என்று கேட்டு, இழுவை போனது. இம்முறை அவரை மெதுவாகத் திருகச் சொல்லிவிட்டு, ஒரு காய்ந்த இலையை மூடியின் விளிம்புக்குக் கிட்டப் பிடித்தேன். வெயிலில் அடைத்த காற்று என்றால் இலை வெளியே பறக்க வேண்டும். அது உள்ளே இழுபட்டு இடுக்கில் ஒட்டிக்கொண்டது. அதாவது தாங்கிக்குள் காற்றுப் போக வழியில்லை. எஞ்சின் டீசலை உறிஞ்ச உறிஞ்ச உள்ளே வெறுமை கூடித் தகரம் உட்குழிகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் டீசல் வர மறுக்கிறது.

மூடியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நடுவில் ஈயப் பொட்டு ஒன்று.

"அது நான் ஒட்டுவிச்சது" என்றார் யோகண்ணை. "அந்த ஓட்டையால டீசல் தெறிக்கும். டீசலுக்குத் தடை இருந்த நேரம் ஒரு கைச் சிரங்கை டீசலும் எங்களுக்குப் பொன். எட்டு வருசமாகுது. அண்டைக்கிருந்து ஒரு குறையும் இல்லாம ஓடினது. இப்ப மட்டும் ஏன்?"

 இது விடையென்றால் எட்டு வருடம் எப்படி ஓடியது? அவர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"எல்லாச் சாவடியிலயும் இதைத் திறந்து கம்பி விட்டுப் பாத்தவங்கள், ரீச்சர். உள்ளுக்கு ஏதும் ஒளிச்சிருக்கோ எண்டு. இந்தச் சித்திரையோடதான் அந்தச் சோதனையை விட்டவங்கள்."

ஈயப் பொட்டை நகத்தால் சுரண்டினார். "அப்ப இவ்வளவு காலமும் ஆமிதான் இந்த லொறியை ஓட்டினவன்."

மூடியை அரைவாசி திருகி, சீலைத் துண்டால் கட்டிவிட்டுப் போனோம். சத்தமும் இல்லை, குறையும் இல்லை. ஒருமுறை சரியாவதை நான் காரணம் என்று ஒத்துக்கொள்வதில்லை. இடையிலே இறுக்கிப் பூட்டித் திரும்பவும் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றேன்.

"நல்லா ஓடுறதை ஏன் கெடுக்கிறியள்? படலை பூட்டினாப் பிறகு உங்கட சோதினையை ஆனைக்குக் காட்டலாம்."

அதில் நியாயம் இருந்தது. படலைக்கு நாலே முக்காலுக்குப் போனோம். அரசாங்கச் சாவடியில் பெயர் பதிந்தார்கள். மற்றப் பக்கச் சாவடியில் கதிரைகளை எண்ணினார்கள். இருட்டுவதற்கு முன்பு பள்ளிக்கூடத்தில் இறக்கி முடிந்தது. முதல் தடவை அனுப்பியவையும் வகுப்பறைகளில் இருந்தன. இதைக் கூட்டத்தில் அறிவிப்பேன். அதிபர் வீட்டில் ஆற்று மீன் குழம்போடு சோறு தந்தார்கள், அங்கேயே தங்கினோம்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். கந்தளாயில் சாப்பிட்டுவிடுங்கள், அதற்கு அப்பால் நம்பக்கூடிய கடை இல்லை. அடையாள அட்டையைக் கையிலேயே வைத்திருங்கள். காட்டுத் துண்டைப் பிற்பகல் நாலு மணிக்கு முன் கடந்துவிடுங்கள். தடைக் காலத்தில் இங்கே ஓடிய பழைய வாகனம் எதையும் வாடகைக்குப் பிடித்தால், அந்தக் காலத்தில் அதில் எதை அடைத்தார்கள், எதைக் கட்டினார்கள் என்று ஓட்டுபவரிடம் முதலில் கேளுங்கள். அப்போது உதவிய ஏற்பாடுகள் பல இன்னும் கழற்றப்படாமலே இருக்கின்றன. லொறிகளை மட்டும் சொல்லவில்லை.

அடுத்த நாள் நடந்தது இது. வெறும் லொறியோடு திரும்பும்போது சேருநுவர தாண்டியதும் யோகண்ணை, நான் கேட்காமலே, இறங்கி மூடியை இறுக்கிப் பூட்டினார். அரை மணி நேரத்தில் சொல்லிவைத்தாற்போல் 'டொங்', பிறகு இழுவை போனது. திறந்தார், ஓடியது. என் சந்தேகம் தீர்ந்தது. கந்தளாயில் பாயிஸ் நானா மூடியைப் பார்த்துவிட்டு, தன் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். மெல்லிய துளைப்பானால் ஈயத்தைக் குடைந்தார். "லொறியும் போச்சு, கூலியும் போச்சு எனக்கு" என்றார். யோகண்ணை அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

தம்பலகாமத்துக்கு இப்பால், முதல் நாள் கையை ஆட்டி விட்ட சாவடியில் மறித்தார்கள். இறங்கச் சொன்னார்கள். புதிதாக வந்த இளம் சிப்பாய் ஒருவர் தாங்கி மூடியைத் திறந்து, நீளக் கம்பி ஒன்றை உள்ளே விட்டுப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் வந்த இரண்டு லொறிகளையும் அப்படியே சோதித்தார்கள். யோகண்ணை மூடியை வாங்கி, சட்டை நுனியால் துளையைத் துடைத்து, தானே பூட்டினார். வீடு வரும்வரை லொறி நன்றாக ஓடியது.