துவக்குப் பெட்டிக்குள் தாலிக்கொடி

அப்பா வேட்டை உரிமத் தேர்வில் தேறியதும், துப்பாக்கியைத் தெரிவு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் இயந்திரப் பொறியியல் படித்தவள். எனக்குச் சுடத் தெரியாது. அட்டவணை போடத் தெரியும்.

நான் தெரிவு செய்தது பாதித் தானியங்கி. ஒரு வெடியின் வாயுவில் கொஞ்சம் பிஸ்டனைப் பின்னே தள்ள, வெற்றுத் தோட்டா வெளியே துள்ளும், அடுத்தது தானாக ஏறும். அதனால் உதைப்புக் குறைவு. அப்பாவின் தோளை, அவர் முன்பு வேலை செய்த பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலை ஏற்கெனவே தேய்த்துவிட்டிருந்தது. பிடி பிளாஸ்டிக், மழையில் ஊறாது. தகடு மாற்றிப் பிடியின் உயரத்தைச் சரிசெய்யலாம். தோட்டாவின் ஈயச் சன்னங்கள் எவ்வளவு விரிய வேண்டுமென்று தீர்மானிக்கக் குழல் வாயில் திருகும் மூன்று குழாய்கள். வேட்டைச் சட்டப்படி இரண்டு தோட்டாக்களுக்கு மேல் ஏறாதபடி ஓர் அடைப்பு. மொத்தம் பதினான்கு வரிகள். அம்மா எந்த வரியிலும் இல்லை.

துப்பாக்கி வைக்க இரும்புப் பெட்டகம் கட்டாயம். பியோர்ண்டாலில் எங்கள் வீட்டுப் படுக்கையறையில் அதை நிலத்தோடு முடுக்கினோம். முதல் வாரம் அம்மா அதன் பக்கமே திரும்பவில்லை. இரண்டாம் வாரம் தன் நகைகளை உள்ளே வைக்கச் சொன்னார். தமிழர் வீட்டில் தங்கம் இருக்கும் என்று கள்வர்களுக்கும் தெரிந்த நகரம் இது. நல்ல முடிவு என்று நானும் தலையாட்டினேன்.

செப்டெம்பர் சனிக்கிழமை ஒன்றில், அப்பா வேலையிடத்து நோர்வேஜியர் ஒருவருடன் மூன்று மணி நேரத் தொலைவில் மலைக்கோழி சுடப் போனார். அன்று மாலை ஐந்துக்கு ரொம்சோஸில் ஒரு கலியாண வரவேற்பு. மதியம் அம்மா சீலையை எடுத்து வைத்துவிட்டுப் பெட்டகக் கதவை இழுத்தார். பூட்டியிருந்தது. சாவி அப்பாவின் சட்டைப் பையில்.

நான் அழைத்து ஒலிபெருக்கியில் போட்டேன். அப்பா கிசுகிசுத்தார். “மெல்லக் கதையும், குருவி நிக்குது.”

“துவக்கைக் கொண்டு போனியள், சரி,” என்றார் அம்மா. “திறப்பை ஏன் கொண்டு போனனியள்?”

“லைசென்ஸ் உள்ள ஆளிட்டைத்தான் திறப்பு இருக்கலாம். சட்டம்.”

“உள்ளுக்கை கிடக்கிறது என்ர தாலிக்கொடி. அதுக்கும் லைசென்ஸ் எடுக்கோணுமோ?”

“மற்றத் திறப்பு எங்கையப்பா?” என்று நான் குறுக்கிட்டேன்.

“பத்திரமா இருக்கு.”

“எங்கை?”

“பெட்டிக்குள்ளை.”

அம்மா என் கையிலிருந்து தொலைபேசியைப் பறித்தார். “இஞ்சேருங்கோ, கொடி இல்லாமல் நான் அந்தச் சபையில போய் இருந்தா, உங்களைக் குருவி சுட்டுப்போட்டுதெண்டுதான் சனம் நினைக்கும்!”

நாலரைக்கு அப்பா வந்து சேர்ந்தார், காட்டுப் பச்சை உடையில். பறவைகள் அம்மாவின் குரலுக்கே எழும்பிவிட்டனவாம். பெட்டகத்தைத் திறந்து கொடியைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, ஒரு வெடிகூடப் போகாத குழலைக் கையேட்டில் சொன்னபடி எண்ணெய் தொட்டுத் துடைக்கத் தொடங்கினார்.

“சுடாத துவக்குக்கு என்ன குளிப்பாட்டு?” என்றார் அம்மா, பின்கழுத்தைக் காட்டி நின்று. “வந்து கொடியைக் கொழுவி விடுங்கோ. பட்டில எண்ணெய்க் கை படக்கூடாது, சொல்லிப்போட்டன்.”

அப்பா கைகழுவ ஓடினார்.